மகளை எச்சரித்தோம், மகனிடம் பேசினோமா?

 



இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது மிம்பரில் பேசக் கூச்சப்படுகிற ஒரு விஷயம். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று நமக்குக் கற்றுத் தந்த அதே மார்க்கம், சத்தியத்தைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்றும் கற்றுத் தந்திருக்கிறது. ஆகவே பேசுவோம்.

பெண்கள் மீது நடக்கும் பாலியல் கொடுமையைத் தடுக்க நாம் யாரிடம் பேச வேண்டும்? கொடுமைக்கு ஆளாகக் கூடியவரிடமா, கொடுமை செய்யக் கூடியவனிடமா?

நம் ஒடுகத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலையின் அடிவாரம் இது. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பலாம்பட்டு என்று மேலே இருக்கும் மலைக் கிராமங்களிலிருந்து பெண்கள் புளியும் சாமையும் சுமந்து இறங்கி வருகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு அடிவாரத்துக் கிராமங்களின் பெண்கள் விடியும் முன்னே கிளம்பி, இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் நாம் ஏதாவது ஒரு எச்சரிக்கை சொல்லி அனுப்புகிறோம். தனியாகப் போகாதே, இருட்டுவதற்குள் வந்துவிடு, யாரிடமும் பேசாதே, தலையை நிமிர்த்தாதே, போனை எடுக்காதே.

அதே பஸ்ஸில் நம் மகனும் போகிறான். அவனுக்கு என்ன சொல்லி அனுப்பினோம்? படிக்கட்டில் தொங்காதே என்று சொல்லியிருப்போம். பணத்தைத் தொலைத்துவிடாதே என்று சொல்லியிருப்போம். பக்கத்தில் நிற்கும் பெண் உன்னால் பயப்படக் கூடாது என்று எத்தனை தந்தை சொல்லியிருக்கிறோம்?

எச்சரிக்கைக்கு எட்டாத கொடுமைகள்

ஜாக்கிரதையாக இருந்தால் எதுவும் நடக்காது என்று நாம் நம்புகிறோம். நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைப் பாருங்கள். 2025 பிப்ரவரி 6 அன்று, கோவையிலிருந்து திருப்பதி செல்லும் ரயிலில், கர்ப்பிணியான ஒரு சகோதரி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பெட்டியில் பயணம் செய்தார். ஜோலார்பேட்டையில் மற்றப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். அந்தப் பெட்டிக்குள் ஏறிய ஒருவன் அவரிடம் தகாத முறையில் நடக்க முயன்றான். அவர் போராடினார். கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து அவரைக் கீழே தள்ளிவிட்டான். வயிற்றில் இருந்த குழந்தையை அந்தத் தாய் இழந்தார். அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் அவனுக்குச் சாகும் வரை சிறைத் தண்டனை விதித்தது.

அந்தச் சகோதரி எந்த எச்சரிக்கையை மீறினார்? பெண்கள் பெட்டியில்தான் ஏறினார். இறங்க வேண்டிய இடத்துக்குத்தான் பயணம் போனார். அவன் கதை வேறு. ஏற்கனவே கொடுங்குற்ற வழக்குகளில் கைதாகி வெளியே வந்தவன் அவன். ஒரு பெண் ஆயிரம் முறை ஜாக்கிரதையாக இருந்தாலும், அந்த ஒருவன் தடுக்கப்படவில்லை என்றால் அவளுடைய ஜாக்கிரதை என்ன செய்யும்?

இன்னொன்று இதைவிடப் பெரியது. ஜவ்வாது மலைக்குத் தெற்கே, தருமபுரி மாவட்டம் அரூர் அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு ஊர். நம் மலையில் வாழ்பவர்களைப் போலவே மலையாளி பழங்குடி மக்கள் வாழும் ஊர். நம் மலையைப் போலவே சந்தன மரத்தால் சோதனைக்கு ஆளான பகுதி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. மக்கள் அடித்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள்.

அந்தப் பெண்கள் ராத்திரியில் ஊர் சுற்றவில்லை. அந்நியரோடு பேசிப் பழகவில்லை. சொந்த ஊரில், சொந்தப் பெற்றோர், பிள்ளைகளோடு இருந்தார்கள். வந்தவர்கள் அவர்களைக் காக்க வேண்டிய சீருடைக்காரர்கள். வழக்கில் 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர் வன்கொடுமைக் குற்றவாளிகள். சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அப்போது பதவியில் இருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அதிகாரி ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

இந்த எண்களைக் கவனியுங்கள். 17 பேர் செய்தார்கள். ஆனால் 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். கொடுமை செய்தவனோடு கூட நின்றவனும், அடித்தவனும், மறைத்தவனும் அதில் சேர்ந்தவர்கள். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இன்னும் ஒரு உண்மை. நம் நாட்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், வன்கொடுமை வழக்குகளில் 10-ல் 9-க்கும் மேற்பட்டவற்றில் செய்தவன் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன். உறவினன், அக்கம்பக்கத்தான், கூட வேலை செய்பவன், நண்பன், திருமணம் செய்துகொள்வதாகச் சொன்னவன். அந்நியனிடம் பேசாதே என்று நாம் சொல்லிக் கொடுத்தது அந்தப் பெரும்பாலான வழக்குகளில் எதற்கும் உதவாது. ஏனென்றால் வந்தவன் அந்நியன் இல்லை.

முள்ளா, மனிதனா?

அப்படியிருந்தும் நாம் ஏன் பெண்ணிடமே பேசுகிறோம்? அவள் நம் கண் முன்னே இருக்கிறாள், சொன்னால் கேட்கிறாள். குற்றவாளியை நாம் எங்கோ இருக்கும் ஒரு மிருகமாக நினைக்கிறோம். மிருகத்திடம் பேச முடியாதே! அதனால் வேலியைத்தான் உயர்த்த வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறோம்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. முள்ளின் மேல் சேலை விழுந்தாலும், சேலையின் மேல் முள் விழுந்தாலும், சேதம் சேலைக்குத்தான் என்பார்கள். எத்தனை தாய்மார்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பெண்பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள்! அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் இந்தப் பழமொழிக்குள் ஒரு பெரிய தவறு ஒளிந்திருக்கிறது. முள்ளுக்கு அறிவு கிடையாது, விருப்பம் கிடையாது. மறுமையில் முள்ளிடம் கேள்வி கேட்கப்படாது. ஆணிடம் கேட்கப்படும்.

புத்தி உள்ள, பருவம் அடைந்த ஒவ்வொருவரையும் மார்க்கம் முகல்லஃப் என்கிறது. கட்டளையைச் சுமப்பவன், பதில் சொல்ல வேண்டியவன் என்று பொருள். ஆணை முள் என்றும் ஓநாய் என்றும் சொல்லும்போது அவனுக்குச் சாதகமாகத்தான் பேசுகிறோம். உன்னால் உன்னைக் கட்டுப்படுத்த முடியாது, பாவம் நீ என்ன செய்வாய் என்று அவன் கையில் ஒரு மன்னிப்புச் சீட்டை எழுதிக் கொடுக்கிறோம். அல்லாஹ் கொடுக்காத சீட்டு அது.

ஸூரா இப்ராஹீமின் 22-வது வசனத்தை எடுத்து ஓதிப் பாருங்கள். தீர்ப்பு முடிந்தபின் ஷைத்தான் நரகவாசிகளிடம் பேசும் காட்சி அங்கே வருகிறது. உங்கள் மேல் எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, நான் அழைத்தேன், நீங்கள் வந்தீர்கள், என்னைப் பழிக்காமல் உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அவன் பேசுவான். சிந்தியுங்கள்! வழிகெடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஷைத்தானைக் காரணம் காட்டியே ஒருவன் தப்ப முடியாது என்றால், ஒரு பெண்ணின் உடையையும், அவள் நடந்த நேரத்தையும், அவள் சிரித்த சிரிப்பையும் காரணம் காட்டி எவன் தப்ப முடியும்?

மார்க்கம் முதலில் யாரிடம் பேசியது?

பர்தாவைப் பற்றிப் பேசும்போது நாம் ஸூரத்துந் நூரின் 31-வது வசனத்தை எடுக்கிறோம். அதற்கு முந்தைய 30-வது வசனம் யாருக்கு? முஃமினான ஆண்களுக்கு. பார்வையைத் தாழ்த்துங்கள், வெட்கத்தலத்தைப் பேணுங்கள் என்ற கட்டளை முதலில் ஆணுக்கு வந்தது. பிறகுதான் பெண்ணுக்கு வந்தது. அல்லாஹ் வைத்த வரிசையை நாம் பயானில் மாற்றிவிட்டோம்.

சிலர் ஸூரத்துல் அஹ்ஸாபின் 59-வது வசனத்தை நினைவூட்டுவார்கள். பெண்கள் மேலாடையைத் தாழ்த்திக்கொள்ளட்டும், அவர்கள் அடையாளம் அறியப்பட்டுத் துன்புறுத்தப்படாமல் இருக்க அது ஏற்றது என்று அங்கே இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஓதுவதை அங்கே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வசனம், 60-வது வசனம், யாரை நோக்கித் திரும்புகிறது? மதீனாவில் இருந்த முனாஃபிக்குகளையும், உள்ளத்தில் நோய் உள்ளவர்களையும், வதந்தி பரப்புபவர்களையும் நோக்கித் திரும்புகிறது. அவர்கள் விலகிக்கொள்ளாவிட்டால் நபியை அவர்களுக்கு எதிராகச் சாட்டுவோம், அதன்பின் அந்த ஊரில் அவர்கள் நிலைக்க முடியாது என்று எச்சரிக்கிறது. பெண்ணுக்கு ஓர் அறிவுரை. துன்புறுத்துபவனுக்கு ஊரைவிட்டே துரத்தும் எச்சரிக்கை! நாம் முதல் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

நபி (ஸல்) அவர்களின் நடைமுறையைப் பாருங்கள். இறுதி ஹஜ்ஜின்போது அவர்களின் வாகனத்தில் பின்னால் அமர்ந்திருந்தவர் ஃபள்ல் இப்னு அப்பாஸ் (ரலி) என்ற இளைஞர். கஸ்அம் குலத்தைச் சேர்ந்த ஒரு பெண் தன் முதிய தந்தைக்காக ஹஜ் செய்யலாமா என்று கேட்க வந்தார். ஃபள்லின் பார்வை அந்தப் பெண்மீது நிலைத்தது. நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? ஃபள்லின் முகவாயைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஏன் இவர் கழுத்தைத் திருப்பினீர்கள் என்று அப்பாஸ் (ரலி) கேட்டபோது, இளைஞனும் இளம்பெண்ணும் இருந்தார்கள், இருவர் விஷயத்திலும் ஷைத்தானை நான் அஞ்சினேன் என்று விளக்கம் சொன்னார்கள். பயம் இருவரைப் பற்றியும் இருந்தது. ஆனால் திருப்பப்பட்டது பார்த்தவரின் முகம். பாடம் கேட்க வந்தவர் திருப்பி அனுப்பப்படவில்லை.

வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அறிவிக்கும் மற்றொரு சம்பவம் திர்மிதீயிலும் அபூதாவூதிலும் வருகிறது. தொழுகைக்காகப் புறப்பட்ட ஒரு பெண்ணை ஒருவன் வழியில் பலவந்தம் செய்துவிட்டான். அந்தப் பெண் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டார். தனியாக ஏன் வந்தாய் என்று கேட்கப்பட்டதா? இல்லை. நான்கு சாட்சி எங்கே என்று கேட்கப்பட்டதா? இல்லை. போங்கள், அல்லாஹ் உங்களை மன்னித்துவிட்டான் என்ற கருத்தில் ஆறுதல் சொல்லப்பட்டது. முதலில் தவறாகப் பிடிக்கப்பட்ட வேறொருவருக்கு, உண்மைக் குற்றவாளி முன்வந்து ஒப்புக்கொண்டதும், நல்ல வார்த்தை சொல்லி விடுவிக்கப்பட்டது. இனிப் பெண்கள் தொழுகைக்கு வர வேண்டாம் என்று அன்று ஒரு சட்டம் போடப்படவில்லை. அல்லாஹ்வின் அடிமைப் பெண்களைப் பள்ளிவாசலுக்குச் செல்ல விடாமல் தடுக்காதீர்கள் என்ற நபிமொழி அப்படியே நின்றது.

இதை நம் காலத்தோடு ஒப்பிடுங்கள். 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை அவருடைய விவரங்களோடு வெளியே பரவியது. அந்த அறிக்கை எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவர் மேல் பழி போடுவதாக இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. விசாரணையைப் பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் மூவரிடம் ஒப்படைத்தது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறை என்று தீர்ப்பானது. காவல் நிலையத்தில் எழுதுபவர் செய்த அதே தவறைத்தான் நாம் டீக்கடையில் செய்கிறோம். அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பது நம் நாக்கில் முதலில் வந்து நிற்கிறது.

ஒட்டகத்தைக் கட்ட வேண்டாமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அப்படியானால் பெண்பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்வது தவறா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லையா?

சொன்னார்கள். கட்டத்தான் வேண்டும். வீட்டுக்குப் பூட்டு போடுவதை யாரும் தவறு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பூட்டாத வீட்டில் திருடியவனின் பாவம் பாதியாகக் குறையுமா? கட்டாத ஒட்டகத்தை ஓட்டிச் சென்றவன் திருடன் இல்லை என்று எந்த காழி தீர்ப்புச் சொன்னார்? எச்சரிக்கை வேறு, தீர்ப்பு வேறு. நடப்பதற்கு முன் அன்போடு சொன்னால் அது எச்சரிக்கை. நடந்த பிறகு அதையே எடுத்து அவள் முகத்தில் வீசினால் அது தீர்ப்பு. அதுவும் தவறான ஆளுக்கு வழங்கிய தீர்ப்பு.

எச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை முழுவதும் பெண்ணே கொடுக்கிறாள். மாலை வகுப்பு ஆபத்து என்று அவள் படிப்பு நிற்கிறது. ஷிப்ட் முடிய நேரமாகிறது என்று அவள் வேலை நிற்கிறது. ஒருவன் பின்தொடர்கிறான் என்று வீட்டில் சொன்னால், பின்தொடர்ந்தவன் வழக்கம்போல் தெருமுனையில் நிற்கிறான். அவள்தான் வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். குற்றம் அவனுடையது, சிறை இவளுக்கு. இது நீதியா? அதனால்தான் எத்தனையோ பிள்ளைகள் நடந்ததை வீட்டில் சொல்வதே இல்லை. அந்த மௌனம்தான் அவனுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு.

ஹிஜாப் அல்லாஹ்வுக்கும் அடியாளுக்கும் இடையிலான வணக்கம். கெட்டவனுக்குக் கட்டும் கப்பமாக அதைச் சுருக்கிவிடாதீர்கள். முழுமையாக உடுத்திய பெண்களும் சின்னஞ்சிறு குழந்தைகளும் கொடுமைக்கு ஆளாகும் உலகம் இது. அவர்களிடம் நாம் என்ன குறை காண்போம்?

அநியாயக்காரனுக்கும் உதவுங்கள்

புகாரியில் வரும் ஒரு ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். உன் சகோதரன் அநியாயம் செய்பவனாக இருந்தாலும், அநியாயத்துக்கு ஆளானவனாக இருந்தாலும் அவனுக்கு உதவு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆளானவனுக்கு உதவுவது புரிகிறது, அநியாயம் செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்ற கருத்தில் பதில் வந்தது.

இதுதான் இன்றைய நம் கேள்விக்குப் பதில். தடுக்கப்படாத அநியாயக்காரன் மறுமையில் அழிந்துபோகிறவன். அவனிடம் முன்கூட்டியே பேசுவது பாதிக்கப்படவிருந்தவளைக் காப்பதோடு, அவனையும் நரகத்திலிருந்து காப்பது. நம் மகன்மேல் நமக்கு அன்பு இருந்தால் அவனிடம்தான் முதலில் பேச வேண்டும்.

எப்படிப் பேசுவது? அதற்கும் நபி (ஸல்) அவர்களே வழிகாட்டி. ஒரு வாலிபர் வந்து, விபச்சாரம் செய்ய எனக்கு அனுமதி தாருங்கள் என்று சபையிலேயே கேட்டார். மக்கள் அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரை அருகில் அழைத்து உட்காரவைத்தார்கள். இதை உன் தாய்க்கு விரும்புவாயா, உன் மகளுக்கு விரும்புவாயா, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மாட்டேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படித்தான் தங்கள் தாய்க்கும் மகளுக்கும் விரும்ப மாட்டார்கள் என்று புரியவைத்தார்கள். அவர் மேல் கை வைத்து துஆ செய்தார்கள். முஸ்னத் அஹ்மதில் வரும் செய்தி இது. தவறு நடந்த பின் அல்ல, நடப்பதற்கு முன் நடந்த உரையாடல் அது. இன்று நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்பதில்லை. கையில் இருக்கும் போனிடம் கேட்கிறார்கள். ஆபாசக் காட்சி அவர்களுக்குப் பாடம் நடத்துகிறது. அது சொல்லித் தருவது என்ன தெரியுமா? பெண்ணின் மறுப்புக்குப் பொருள் இல்லை என்பதை.

உலகத்தில் மற்றவர்களும் தாமதமாக இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். கனடாவின் எட்மண்டன் நகரில் 2010-லும், ஸ்காட்லாந்து காவல்துறை சார்பில் 2021-லும், அந்த ஆளாக நீ இருக்காதே என்று ஆண்களைப் பார்த்தே பேசும் பிரச்சாரங்கள் நடந்தன. பெண்ணுக்கு அறிவுரை சொல்லும் சுவரொட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது புதுமையாக இருந்தது. ஸூரத்துந் நூர் ஓதிய நமக்கு அது புதுமையாக இருக்கக் கூடாது.

கையைப் பிடிக்க வேண்டியவர்கள் யார்?

வாச்சாத்தியின் கணக்கை இப்போது நினைவுபடுத்துங்கள். செய்தவர்கள் சிலர், உடன் நின்றவர்கள் பலர். ஒரு கொடுமை நேராகக் கொடுமையாக ஆரம்பிப்பதில்லை. ஒரு பார்வை, ஒரு கேலி, வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம், பஸ்ஸில் ஒரு உரசல் என்று படிப்படியாக ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் அருகில் யாரோ சிரித்தார்கள். யாரோ பார்க்காததுபோல் இருந்தார்கள். அந்த யாரோ நாம்தான்.

தந்தைமார்களே! மகன் பருவம் அடையும்போது தொழுகையைச் சொல்கிறோம், குளிப்புக் கடமையைச் சொல்கிறோம். அதோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அதோடு முடிந்தது, சொல்ல முடியாமல் பயந்து நின்றாலும் அது சம்மதம் ஆகாது. வீட்டில் மனைவியை அவமதிக்கும் தந்தையின் அறிவுரை மகன் காதில் ஏறாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வாலிபர்களே! உங்கள் நண்பன் ஒரு பெண்ணின் படத்தை அனுப்பினால் சிரிக்கும் முகத்தைப் பதிலாக அனுப்பாதீர்கள். இது தவறு, அழித்துவிடு என்று ஒரு வரி எழுதுங்கள். அவன் கையைப் பிடிப்பது என்பது இன்று அந்த ஒரு வரிதான். உங்களைவிட அவனுக்கு நெருக்கமானவர் யாரும் இல்லை. தந்தை சொல்லி மாறாதவன் நண்பன் சொல்லி மாறுவான்.

முதலாளிகளே, மேற்பார்வையாளர்களே! ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல், ஷூ தொழிலில் நம் சமுதாயத்தார் பலர் இருக்கிறார்கள். உங்கள் கம்பெனியில் ஒரு பெண்ணின் சம்பளமும் ஷிப்டும் ஒரு மேற்பார்வையாளரின் கையில் இருக்கிறது. அதிகாரம் இருக்கும் இடத்தில் வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை யோசியுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. காகிதத்தில் மட்டும் அது இருந்தால் அல்லாஹ்விடம் காட்ட அந்தக் காகிதம் போதாது. ஒவ்வொருவரும் பொறுப்பாளர், பொறுப்பில் உள்ளவர்கள் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற ஹதீஸ் உங்கள் தொழிற்சாலை வாசலிலும் பொருந்தும்.

உஸ்தாதுமார்களே, ஆசிரியர்களே! குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தைப் பற்றித் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். மதரஸாவின் பெயர் கெட்டுவிடும், பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பவர் பெயரைக் காப்பாற்றவில்லை. அடுத்த குழந்தையை ஒப்படைக்கிறார். ஆண் குழந்தைகளும் இதில் அடக்கம். பலவந்தத்துக்கு உள்ளாக்கப்பட முயன்று, மறுத்ததற்காகச் சிறை சென்ற ஒருவரின் வரலாற்றுக்கு ஒரு முழு ஸூராவையே அல்லாஹ் தந்திருக்கிறான். அவர் யூசுஃப் (அலை). அங்கே உண்மை எப்படி வெளிவந்தது? சட்டை முன்னால் கிழிந்ததா, பின்னால் கிழிந்ததா என்று பார்த்ததால். பொய்ப் புகார் வந்துவிடுமே என்று அஞ்சுபவர்களுக்கும் அதுவே பதில். விசாரியுங்கள். விசாரிக்காமல் மூடுவது இரு பக்கத்துக்கும் அநீதி.

ஜமாஅத் நிர்வாகிகளே! பிறர் குறையை மறைப்பது நன்மை என்பது உண்மை. ஆனால் அது ஒருவன் தனக்கும் தன் இறைவனுக்கும் இடையே செய்த பாவத்துக்கு. இன்னொரு உயிருக்கு அநியாயம் செய்தவனை மறைப்பது அந்தக் கணக்கில் சேராது. அநியாயத்துக்கு ஆளானவர் உரத்துப் பேசுவதற்கு ஸூரத்துந் நிஸாவின் 148-வது வசனம் விதிவிலக்கு அளிக்கிறது. அல்லாஹ் திறந்த வாயை நாம் பஞ்சாயத்து பேசி அடைக்கலாமா? அவளை அவனுக்கே கட்டிவைத்துவிடுவோம் என்று சமரசம் பேசுவதும் வழக்கமாக இருக்கிறது. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இப்படி ஒரு வழக்கு சமரசத்துக்கு அனுப்பப்பட்டது. அந்த ஜூலை 1 அன்று வேறொரு வழக்கில், வன்கொடுமையில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகு சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நீதிமன்றமே திரும்பப் பெற்ற ஒன்றை நம் மஹல்லாவில் தொடர வேண்டாம்.

பாதிக்கப்பட்ட சகோதரியே!

இதை வாசிப்பவர்களில் இந்தச் சுமையைத் தனியாகச் சுமப்பவர் இருக்கலாம். உங்களிடம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: பாவம் உங்களுடையது அல்ல. பலவந்தப்படுத்தப்பட்ட பெண்களுக்கு அல்லாஹ் மன்னிப்பவனாக, கருணையாளனாக இருக்கிறான் என்று ஸூரத்துந் நூரின் 33-வது வசனம் உறுதி தருகிறது. உங்கள் கண்ணியம் அல்லாஹ்விடம் அப்படியே இருக்கிறது; ஒருவன் கை பட்டுப் பறிபோகும் பொருள் அல்ல அது. பேச விரும்பினால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் இருக்கின்றன. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது சட்டப்படி குற்றம். அதைப் பரப்புவது அவதூறு பரப்பும் பாவத்தின் வாசல் என்பதை மற்றவர்கள் நினைவில் கொள்ளட்டும்.

அன்பிற்குரியவர்களே! இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும்போது மகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் மகனை அருகில் அழைத்து உட்காரவையுங்கள். அந்த வாலிபரை நபி (ஸல்) அவர்கள் உட்காரவைத்ததுபோல, அதட்டாமல், மறைக்காமல் பேசுங்கள். மலையிலிருந்து இறங்கி வரும் பெண் அச்சமின்றி இறங்கி, அச்சமின்றி ஏறும் ஊராக நம் ஊர் ஆக வேண்டுமானால், வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

யா அல்லாஹ்! எங்கள் பார்வைகளையும் நாவுகளையும் கைகளையும் அநியாயத்திலிருந்து காப்பாயாக! அநியாயத்துக்கு ஆளானவர்களின் உள்ளங்களுக்கு ஆறுதலையும் நீதியையும் தருவாயாக! அநியாயக்காரனின் கையைப் பிடிக்கும் துணிவை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் ஆண்மக்களைப் பிறருக்கு அச்சமாக அல்லாமல், பிறருக்கு அபயமாக ஆக்குவாயாக! ஆமீன். வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.